ஹைனான் தீவுக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டியவையும் போனபின் கவனிக்க வேண்டியவையும்

சீனாவின் தென்கோடியில், லெய்சோ தீபகற்பத்திலிருந்து ஒரு குறுகிய நீரிணையால் பிரிந்து கிடக்கும் ஹைனான், பரப்பில் ஏறத்தாழப் பாதி இலங்கை அளவுள்ள தீவு. 1988 வரை குவாங்டோங் மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்த இது, அந்த ஆண்டில் தனி மாகாணமாகவும் சிறப்புப் பொருளாதார மண்டலமாகவும் ஆக்கப்பட்டது. தலைநகரான ஹாய்க்கோ வடக்கிலும், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் சான்யா தெற்கிலும் இருக்கின்றன. தென்னை, பாக்கு, பலா, மா, ரப்பர் என்று வழியெங்கும் தெரியும் மரங்கள் தமிழர் கண்ணுக்குப் புதியவை அல்ல. புதிதாக இருப்பது அங்கே அன்றாடம் நடக்கும் விதம்தான். பணம் கொடுப்பது, வழி கேட்பது, வண்டி பிடிப்பது, மொழிபெயர்ப்பது எல்லாமே கைபேசி வழியாக நடப்பதால், அந்தக் கைபேசியைத் தயார் செய்யாமல் போய் இறங்குபவர் முதல் நாளையே அலைச்சலில் கழிக்க நேரிடும். ஆகவே இந்தப் பயணத்தில் பாதி வேலையை வீட்டிலிருந்தபடியே முடித்துவிட வேண்டும் என்பதுதான் நான் முதலில் சொல்லக்கூடிய அறிவுரை.

எந்த மாதத்தில் போவது

சான்யா ஏறத்தாழ மும்பையின் அட்சரேகைக்கு அருகில் இருக்கிறது. தீவின் நடுவில் உயர்ந்து நிற்கும் மலைகள் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுத்துவிடுவதால், ஜனவரியிலும் அங்கே கடலில் குளிக்க முடிகிறது. அதே வாரத்தில் ஹாய்க்கோவில் மேகம் மூடி, தூறல் விழுந்து, மேல்சட்டை தேவைப்படும் அளவுக்குக் குளிர்வது வழக்கம். எனவே குளிர்காலத்தில் இரண்டு நகரங்களுக்கும் போகிறவர்கள் ஒரு கம்பளிச் சட்டையாவது எடுத்துச் செல்வது நல்லது.

மே முதல் அக்டோபர் வரை வெயிலும் மழையும் கலந்த காலம். ஜூலைக்குப் பிறகு சூறாவளிகளின் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 2024 செப்டம்பர் 6 அன்று தீவின் வடகிழக்கிலுள்ள வென்சாங் அருகே கரையைக் கடந்த யாகி சூறாவளியின்போது விமானம், ரயில், படகு மூன்றுமே நிறுத்தப்பட்டன. அந்த மாதங்களில் அறைக் கட்டணம் மலிவாக இருக்கிறது என்று போகிறவர்கள், திரும்பும் நாளுக்குப் பின் இரண்டு நாட்களையாவது வேறு வேலை வைக்காமல் விட்டுவைக்க வேண்டும்.

சீனப் புத்தாண்டு விடுமுறையையும் அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய விடுமுறையையும் அறவே தவிர்த்துவிடுங்கள். அந்நாட்களில் சான்யாவின் விடுதிக் கட்டணம் பல மடங்காக உயரும். நீரிணையைக் கடக்கும் துறைமுகத்தில் கார்கள் நெடுந்தொலைவுக்கு வரிசையில் நிற்கும். குளிர்காலம் முழுவதும் வடகிழக்குச் சீனாவின் உறைபனிக்குத் தப்பி வந்து தங்கும் முதியவர்கள் சான்யாவை நிறைத்திருப்பார்கள். மாலையில் சான்யா விரிகுடாவின் தென்னை வரிசைக்கடியில் அவர்கள் ஒலிபெருக்கி வைத்து ஆடுவதும் பாடுவதும் பார்க்க வேண்டிய காட்சிதான் என்றாலும், அமைதியை நாடி வந்தவர்கள் வேறு கடற்கரைக்கு நகர்ந்துவிடுவார்கள். என் கணிப்பில் நவம்பரும், மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் முடிய உள்ள வாரங்களும் கட்டணம், வானிலை, கூட்டம் மூன்றுக்கும் ஏற்றவை.

விசாவும் வழியும்

2018 மே மாதம் முதல் 59 நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமல் ஹைனானில் மட்டும் 30 நாட்கள் வரை தங்கலாம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இந்தியாவும் இலங்கையும் இல்லை. இந்தச் சலுகையில் நுழைந்தவர் அப்படியே பெருநிலச் சீனாவுக்குப் போய்விட முடியாது என்பதை மறக்கக் கூடாது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இப்போது சீனா முழுவதற்கும் பொருந்தும் 30 நாள் விலக்கு தனியே இருப்பதால், அவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தடையாக இராது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வழக்கமான சீன விசாவை முன்கூட்டியே பெற வேண்டும். அதில் ஒரு நுட்பம் உண்டு. ஹாங்காங்குக்குள் போவது, விசாக் கணக்கில் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கொள்ளப்படும். பெருநிலச் சீனாவின் குவாங்சோ நகரில் இறங்கி, ஹாங்காங்கைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஹைனானுக்குப் பறப்பதாகத் திட்டமிட்டால், ஒருமுறை நுழையும் விசா போதாது. இருமுறை நுழையும் விசாவாகக் கேட்டுப் பெற வேண்டும். ஹாங்காங்கில் இறங்கித் தங்க விரும்பும் இந்தியர்கள் அதற்கென இணையத்தில் முன்பதிவும் செய்துகொள்ள வேண்டும். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2020-இல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் பறக்கத் தொடங்கிவிட்டதால், குவாங்சோவில் மாறிச் செல்வது பழையபடி எளிதாகிவிட்டது. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர் வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சீனாவுக்குள் உள்நாட்டு விமானத்தில் ஏறுபவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. 2025 ஜூன் 28 முதல், சீனத் தரச்சான்றான '3சி' முத்திரை இல்லாத பவர் பேங்க்குகளை உள்நாட்டு விமானங்களில் கொண்டுபோக அனுமதியில்லை. நம் ஊரில் வாங்கியவற்றில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

கைபேசியைத் தயார் செய்தல்

சீனாவில் பணம் செலுத்தப் பயன்படும் அலிபே, வீசாட் ஆகிய இரண்டு செயலிகளையும் ஊரிலேயே நிறுவி, கடவுச்சீட்டின் படத்தை ஏற்றி, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்து, சரிபார்ப்பு முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். வீசாட்டில் புதிதாகக் கணக்குத் தொடங்கும்போது ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று சில வேளைகளில் கேட்கும். அதற்கு உதவ ஆள் ஊரில்தான் எளிதாகக் கிடைப்பார். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக முடக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து வரம்பையும் உயர்த்தி வையுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தியாக வருவதால் ஊர் எண்ணில் ரோமிங் இயங்க வேண்டும். வெளிநாட்டு அட்டை வழியாக 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் செலுத்தினால் 3 சதவீதம் கட்டணம் பிடிக்கப்படும், அதற்குக் கீழே கட்டணம் இல்லை.

இவ்வளவும் செய்தபிறகும் கொஞ்சம் ரொக்கம் கையில் இருப்பது அவசியம். காரணம், வெளிநாட்டு அட்டை இணைத்த கணக்கிலிருந்து கடைகளுக்குப் பணம் செலுத்தலாமே தவிர, தனிநபர் கணக்குக்கு அனுப்ப முடியாது. சாலையோரத்தில் இளநீர் வெட்டித் தரும் பெண்மணி நீட்டும் கியூஆர் குறியீடு பெரும்பாலும் அவருடைய சொந்தக் கணக்கினுடையது. அங்கே பத்து யுவான் தாளே கைகொடுக்கும். சில்லறையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நூறு யுவான் தாளுக்கு மீதி கொடுக்கப் பல கடைக்காரர்களிடம் ரொக்கமே இருப்பதில்லை.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், முகநூல் ஆகியவை சீன இணையத்தில் தடுக்கப்பட்டவை. ஆனால் வெளிநாட்டுச் சிம்மில் ரோமிங் மூலம் வரும் இணையம் உங்கள் ஊர் நிறுவனத்தின் வலையமைப்பு வழியாகவே செல்வதால், அவை பொதுவாக இயங்கும். விடுதி வைஃபையில் இயங்கா. ஆகவே குடும்பத்தாரோடு பேச வேண்டியவர்கள் ரோமிங் திட்டமோ பயண இ-சிம்மோ வாங்கிக்கொள்வதே தொல்லையற்ற வழி. கூகுள் வரைபடம் திறந்தாலும் அதை நம்ப வேண்டாம். சீனா வேறொரு அளவீட்டு முறையைப் பயன்படுத்துவதால், அதில் உங்கள் இருப்பிடம் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். சீன வரைபடச் செயலியான கௌதேயைப் பயன்படுத்துங்கள். ஐபோன்காரர்களுக்கு அதிலுள்ள வரைபடமே போதும். வாடகை வண்டிக்கு தீதீ என்ற செயலியை அலிபேக்குள்ளேயே திறக்கலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்பே தரவிறக்கி வையுங்கள். விடுதியின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படமெடுத்து வைத்திருந்தால், இணையம் இல்லாத வேளையிலும் ஓட்டுநரிடம் நீட்டலாம்.

இந்தியப் பிளக்குகள் அங்குள்ள துளைகளில் பொருந்தமாட்டா. மின்னழுத்தம் 220 வோல்ட்தான் என்பதால் ஓர் அடாப்டர் போதும். வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும் என்பது சட்டம். அதை விடுதியே செய்துவிடும், ஆனால் தெரிந்தவர் வீட்டில் தங்கினால் நீங்களே காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். சிறு விடுதிகள் சில வெளிநாட்டவரை ஏற்கத் தயங்குவதும் உண்டு. எனவே பதிவு செய்யுமுன் கேட்டுவிடுவது நல்லது.

ரயிலை நம்பிச் சுற்றுங்கள்

தீவைச் சுற்றி வரும் அதிவேக ரயில் பாதை ஹைனானின் பெரிய வசதி. கிழக்குக் கரையில் 2010-லும் மேற்குக் கரையில் 2015-லும் திறக்கப்பட்டு, இப்போது சுமார் 650 கிலோமீட்டர் கொண்ட முழு வளையமாக இருக்கிறது. ஹாய்க்கோவின் மெய்லான் விமான நிலையத்திலேயே ரயில் நிலையமும் இருப்பதால், இறங்கியவுடன் ரயிலேறி ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் சான்யாவை அடையலாம். 12306 என்ற செயலியில் கடவுச்சீட்டைப் பதிந்து சீட்டு வாங்க வேண்டும். 15 நாட்களுக்கு முன்பே விற்பனை தொடங்கிவிடும். காகிதச் சீட்டு கிடையாது, கடவுச்சீட்டே சீட்டு. தானியங்கி வாயிலில் அது ஏற்கப்படாவிட்டால், ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் சென்று காட்டினால் விட்டுவிடுவார்கள்.

நேரே சான்யாவுக்குப் போய் அங்கேயே வாரம் முழுவதும் இருப்பதைவிட, ஹாய்க்கோவில் தொடங்கிக் கிழக்குக் கரையில் இரண்டு இடங்களில் இறங்கி இறங்கித் தெற்கே போவதையே நான் பரிந்துரைப்பேன். ஹாய்க்கோவின் பழைய நகரில், தென்கிழக்கு ஆசியாவில் பொருளீட்டித் திரும்பியவர்கள் கட்டிய தூண்தாழ்வார வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பினாங்கையோ சிங்கப்பூரையோ பார்த்தவர்களுக்கு அந்த ஐந்தடி நடைபாதை உடனே அடையாளம் தெரிந்துவிடும். வென்சாங்கில் தென்னந்தோப்புகளோடு விண்கல ஏவுதளமும் இருக்கிறது. 2016-இல் முதல் ராக்கெட் புறப்பட்ட அந்தத் தளத்தில் ஏவுதல் நடக்கும் நாட்களில் அருகிலுள்ள லோங்லோ ஊரே திருவிழாக் கோலம் கொள்ளும். அறை கிடைப்பது அரிதாகிவிடும். வான்னிங் பகுதியிலுள்ள ஷிங்லோங்கில், 1950-களின் தொடக்கத்தில் மலாயாவிலிருந்து திரும்பிய சீனர்களைக் குடியேற்றிய பண்ணையும் காப்பித் தோட்டங்களும் இருக்கின்றன. இங்குள்ள தெருக்கடைகளில் தென்கிழக்கு ஆசியப் பலகாரங்கள் இன்னும் விற்கப்படுகின்றன. மலேசியத் தமிழர்கள் இந்த ஊரைத் தவறவிடக் கூடாது.

கார் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சர்வதேச ஓட்டுநர் அனுமதியைச் சீனா ஏற்பதில்லை. தற்காலிக உரிமம் தனியே பெற வேண்டும். குறுகிய பயணத்துக்கு அது வீண் வேலை என்றே தோன்றுகிறது.

கடலில் இறங்குமுன்

சான்யாவின் கடற்கரைகள் ஒன்றுபோல இருப்பவை அல்ல. தாதோங்ஹாயும் யாலோங் விரிகுடாவும் அலை அடங்கியவை. குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஏற்றவை. தாதோங்ஹாய் நகருக்குள்ளேயே இருப்பதால் மலிவான தங்குமிடமும் சாப்பாடும் அருகிலேயே கிடைக்கும். யாலோங் விரிகுடாவில் மணலும் நீரும் இன்னும் சுத்தமாக இருந்தாலும், விடுதிக்கு வெளியே நடந்து போய்ச் சாப்பிட அதிக இடமில்லை. ஹாய்தாங் விரிகுடாவில் ஆடம்பர விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அங்கே இழுவை நீரோட்டம் கடுமையாக இருப்பதால், கடலைப் பார்க்கலாம், நீச்சலை விடுதிக் குளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடற்கரை அறையென்று பெருந்தொகை கொடுத்துவிட்டு வந்தபிறகு இதை அறிந்து வருந்துபவர்கள் பலர். அலைச்சறுக்கு கற்க விரும்புபவர்கள் ஹாய்தாங்கின் ஓரத்திலுள்ள ஹோஹாய் என்ற மீனவக் கிராமத்துக்கோ, வான்னிங்கின் ரியுவே விரிகுடாவுக்கோ போகலாம்.

யாலோங் விரிகுடாவுக்கு அருகில் கடற்படைத் தளம் இருக்கிறது. போர்க்கப்பல்களைப் படமெடுப்பதும் டிரோன் பறக்கவிடுவதும் தேவையற்ற விசாரணைக்கு வழிவகுக்கும். தென்சீனக் கடலின் பாராசெல் தீவுகளுக்கான உல்லாசக் கப்பல் விளம்பரங்களைக் கண்டு ஆசைப்பட வேண்டாம். அவை சீனக் குடிமக்களுக்கு மட்டுமே.

சாப்பாடு

ஹைனான்காரர்கள் பெருமையோடு சொல்லும் உணவு வென்சாங் கோழி. வேகவைத்து ஆறவைத்த கோழியை எலும்போடு வெட்டி, இஞ்சி, பூண்டு, மிளகாய், சிறு எலுமிச்சைச் சாறு கலந்த தொட்டுக்கையோடு தருவார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உண்ணப்படும் ஹைனான் கோழிச் சோற்றுக்கு வேர் இதுதான், ஆயினும் இங்கே கோழிதான் தலைமை, சோறு துணைக்கு. காரம் குறைவாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் மேசையிலிருக்கும் மஞ்சள் மிளகாய் விழுதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பார்க்கச் சாதுவாக இருக்கும் அந்த விழுதுக்கு ஆந்திரக்காரர்களும் மரியாதை தருவார்கள்.

சைவர்களுக்கு ஹைனான் எளிதல்ல, முடியாததும் அல்ல. 'காய்கறி' என்று கேட்டால் வரும் தட்டில் தூவிய கொத்திறைச்சியோ சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். அதனால் 'இறைச்சி, மீன், முட்டை, கடலுணவு, சிப்பிச் சாறு, விலங்குக் கொழுப்பு எதுவும் சேர்க்காதீர்கள்' என்று முழு வாக்கியமாகச் சீனத்தில் எழுதிய அட்டையைக் காட்ட வேண்டும். பூண்டிட்டு வதக்கிய கங்குங் கீரை (வள்ளைக்கீரை), சிறகவரைப் பொரியல், டோஃபு, வெறுஞ்சோறு ஆகியவை எந்தச் சிற்றுண்டிக்கடையிலும் கிடைக்கும். கருணையின் வடிவாக வணங்கப்படும் போதிசத்துவர் குவான்யினின் 108 மீட்டர் உயரச் சிலை நிற்கும் நான்ஷான் பௌத்த வளாகத்தில் முழுச் சைவ உணவகம் இருக்கிறது. மாலையில் தெருவெங்கும் விற்கப்படும் சிங்பூலியாங், தேங்காய்ப்பாலில் பாசிப்பயறு, சிவப்பு அவரை, பார்லி, சர்க்கரைவள்ளி, தர்பூசணி எல்லாம் போட்டுப் பனிக்கட்டியோடு தரும் இனிப்பு. நம் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். சில கடைகளில் அதில் வேகவைத்த காடை முட்டையும் போடுவார்கள் என்பதால், சைவர்கள் கிண்ணத்தை நிரப்பும்போதே பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஹலால் உணவு தேடுபவர்கள் சான்யா விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஹுய்ஹுய், ஹுய்ஷின் என்ற இரு கிராமங்களுக்குப் போகலாம். இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய உத்சாத் முஸ்லிம்கள் வாழும் அந்தப் பகுதியில் பள்ளிவாசல்களும் ஹலால் உணவகங்களும் உள்ளன.

சான்யாவின் 'முதலாம் சந்தை'யில் மீனும் நண்டும் உயிரோடு வாங்கி, அருகிலுள்ள கடையில் கூலி கொடுத்துச் சமைத்து வாங்குவது வழக்கம். இங்கே விலை பெரும்பாலும் 500 கிராம் கொண்ட 'ஜின்' கணக்கில் எழுதப்பட்டிருக்கும்; கிலோ என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நண்டைக் கட்டியிருக்கும் கயிறு கனமாக இருந்தால் அவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். பையோடு தராசில் வைத்தால், பையில் ஓர் ஓட்டை போட்டு நீரை வடியவிட்டபின் நிறுக்கச் சொல்லுங்கள். இதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள். சமையல் கூலியை மீனைக் கொடுக்குமுன்பே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏமாற்றப்பட்டதாக உறுதியாகத் தோன்றினால் 12345 என்ற அரசுப் புகார் எண்ணில் முறையிடலாம். அந்த எண்ணைச் சொன்ன மாத்திரத்திலேயே பல வழக்குகள் தீர்ந்துவிடும்.

வான்னிங் பக்கத்துச் சந்தைகளில் பச்சைப் பாக்கை நறுக்கி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்து விற்பதைப் பார்க்கலாம். சீனாவின் பாக்கு விளைச்சலில் மிகப் பெரும் பங்கு இந்தத் தீவினுடையது. நம்மவர்க்குப் பழகிய பண்டம் என்று எடுத்து மெல்லுபவர்கள், அது ஊறவைக்காத பச்சைப் பாக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும், தலை சுற்றும். வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவது எங்கும் ஒன்றே.

மலைப்பகுதி

நேரம் இருப்பவர்கள் இரண்டு நாளை உள்நாட்டுக்கு ஒதுக்குங்கள். ரயில் போகாத அந்தப் பகுதிக்குச் சான்யாவிலிருந்து பேருந்து உண்டு. தீவின் மிக உயர்ந்த மலையான வூச்சிஷானும், 2021-இல் அறிவிக்கப்பட்ட வெப்பமண்டல மழைக்காட்டுத் தேசியப் பூங்காவும் அங்கேதான் இருக்கின்றன. இம்மலைகளின் பூர்வகுடிகளான லீ மக்களின் நூற்பு, சாயம், நெசவுக் கலையை 2009-இல் யுனெஸ்கோ உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபாகப் பட்டியலிட்டது. முகத்தில் பச்சை குத்திய லீ மூதாட்டிகள் மிகச் சிலரே இப்போது எஞ்சியிருக்கிறார்கள். கேட்காமல் அவர்களைப் படமெடுப்பது அநாகரிகம். சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் மூன்றாம் நாளில் வரும் அவர்களின் திருவிழா பெரும்பாலும் ஏப்ரலில் அமையும். அட்டைப்பூச்சி, கொசு இரண்டுக்கும் களிம்பு எடுத்துச் செல்லுங்கள்.

வாங்குவதும் திரும்புவதும்

மிகக் குறைந்த கட்டணத்தில் அழைத்துச் செல்லும் ஒருநாள் சுற்றுலாக்கள், பாதி நேரத்தை முத்து, தேயிலை, படிகக் கடைகளில் கழிக்கும். அந்தக் கட்டணம் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வரியில்லாக் கடைகள் ஹாய்தாங் விரிகுடாவிலும் ஹாய்க்கோவிலும் மாபெரும் வளாகங்களாக இருக்கின்றன. தீவை விட்டுப் புறப்படும் பயணி ஒருவருக்கு ஆண்டுக்கு 1,00,000 யுவான் வரை வரிவிலக்கு உண்டு. கடவுச்சீட்டும் புறப்படும் சீட்டும் காட்டித்தான் வாங்க முடியும். பெரும்பாலான பொருட்களை விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ உள்ள முகப்பில் பெற்றுக்கொள்ள வேண்டியிருப்பதால், அந்த வரிசைக்கென ஒரு மணி நேரத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வரியில்லை என்ற சொல்லில் மயங்காமல் ஊர் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். அழகுப் பொருட்களில் லாபம் தெரியும், மின்னணுப் பொருட்களில் அது நிச்சயமில்லை. ஊர் திரும்பியபின் நம் சுங்கத்துறையின் வரம்பு தனியே காத்திருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.